ஆஸ்பத்திரிக்குப் போகாத ஆம்புலன்ஸ் தெரியுமா?

பிணம் ஏற்றும் வண்டிதான் ஒரு காலத்தில் ஆம்புலன்ஸாகவும் ஓடியது, தெரியுமா? ஏதோ பஞ்சத்தில் அடிபட்ட நாட்டில் அல்ல, நிலவுக்கு ஆள் அனுப்பத் தயாராகிக்கொண்டிருந்த அமெரிக்காவில்! 1960-களின் நடுவில் அந்த நாட்டு ஆம்புலன்ஸ் சேவைகளில் ஏறக்குறைய பாதி, இறுதிச்சடங்கு நடத்திக்கொடுக்கும் நிறுவனங்களின் கையில் இருந்தது. ஏன் என்று கேட்டால் திகைத்துப்போவீர்கள். ஆளை நீட்டிப் படுக்கவைக்க இடமுள்ள வண்டி ஊரில் அவர்களிடம்தான் இருந்தது! மருந்து கிடையாது, பயிற்சி பெற்ற ஆள் கிடையாது. பல ஊர்களில் ஓட்டுநர் முன்னால், உயிருக்குப் போராடுகிறவர் பின்னால் தன்னந்தனியாக.

அங்கிருந்து கிளம்பிய ஆம்புலன்ஸ் இன்று எங்கே வந்து நிற்கிறது பாருங்கள். ஸ்ட்ரெச்சரே இல்லாத ஆம்புலன்ஸ் ஒரு நாட்டில் ஓடுகிறது. வீட்டுக்கு வந்து புண்ணுக்குக் கட்டுப்போட்டு, பிரஷர் பார்த்து, டாக்டரிடம் போனில் பேசி, நோயாளியை அவருடைய கட்டிலிலேயே விட்டுவிட்டுத் திரும்பும் ஆம்புலன்ஸ் இன்னொரு நாட்டில் ஓடுகிறது. சாகக் கிடப்பவரைக் கடல் பார்க்கக் கூட்டிப்போகும் ஆம்புலன்ஸ்கூட இருக்கிறது! தூக்கிக்கொண்டு ஓடுவது மட்டுமே வேலை என்றிருந்த ஒரு சேவை, நோயாளியின் வீட்டையும் டாக்டரையும் ஆஸ்பத்திரியையும் சேர்த்துக் கட்டும் வேலைக்கு வந்துவிட்டது. நம் காலத்து மருத்துவத்தில் எனக்கு இதைவிடப் பெரிய ஆச்சரியம் இல்லை.

இந்த மாற்றத்துக்கு விதை போட்டவர்கள் யார் தெரியுமா? வேலை வெட்டி இல்லாதவர்கள் என்று ஊர் ஒதுக்கிவைத்த இளைஞர்கள்!

பிட்ஸ்பர்க் நகரத்தின் ‘ஹில்’ பகுதி, கறுப்பின மக்கள் நெருக்கியடித்து வாழ்ந்த இடம். அங்கே ஒருவருக்கு நெஞ்சு வலித்தால் வருவது போலீஸ் வேன். அள்ளிப் போட்டுக்கொண்டு போவார்கள், அவ்வளவுதான். 1966 நவம்பரில், மேடையில் பேசிக்கொண்டிருந்த முன்னாள் கவர்னர் டேவிட் லாரன்ஸ் சரிந்து விழுந்தார். அவருக்கும் அதே கதிதான். சில வாரங்களில் இறந்துபோனார். கவர்னராக இருந்தவருக்கே இப்படியென்றால் ஹில் பகுதி ஏழைக்கு என்ன மிச்சம்?

அதே ஊரில்தான் டாக்டர் பீட்டர் சஃபார் இருந்தார். வாயோடு வாய் வைத்து ஊதி, நெஞ்சை அழுத்தி உயிர் மீட்கிறோமே, அந்த முறையை வளர்த்தெடுத்த முன்னோடிகளில் ஒருவர். அதே 1966-ல் ஆஸ்துமாவுக்குத் தன் மகளைப் பறிகொடுத்தவர். ஃபிலிப் ஹாலன் என்ற அறக்கட்டளைத் தலைவரும், ஹில் பகுதியில் காய்கறி வண்டி ஓட்டிக்கொண்டிருந்த ‘ஃப்ரீடம் ஹவுஸ்’ என்ற அமைப்பும் அவரோடு கைகோத்தன. 1967-ல் ஆள் சேர்த்தார்கள். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டவர்கள், வியட்நாம் போரிலிருந்து திரும்பியவர்கள், வேலை கிடைக்காமல் அலைந்தவர்கள். 300 மணி நேரத்துக்கு உடற்கூறு, மயக்கவியல், பிரசவம், இதயம் என்று பாடம் நடந்தது. முடித்து வந்தபோது, அன்றைய அமெரிக்காவில் ஆஸ்பத்திரிக்கு வெளியே அவர்களைப் போல் சிகிச்சை தரக்கூடியவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்! முதல் ஆண்டிலேயே ஏறக்குறைய 5,800 அழைப்புகளுக்கு ஓடினார்கள்.

1974-ல் நான்சி கரோலின் என்ற இளம் பெண் டாக்டர் அவர்களுக்கு மருத்துவ இயக்குநராக வந்தார். அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போடுகிற இயக்குநர் இல்லை. ராத்திரி பகல் பார்க்காமல் வண்டியிலேயே கூட ஏறிப் போனார். அங்கே கற்றதையும் கற்பித்ததையும் வைத்து அவர் எழுதிய பாடத்திட்டம்தான் அமெரிக்கா முழுவதற்கும் பாராமெடிக் எனப்படும் ஆம்புலன்ஸ் மருத்துவப் பணியாளர் பயிற்சியின் அடிப்படை ஆனது. ஆனால் 1975-ல் நகர நிர்வாகம் தன் சொந்த ஆம்புலன்ஸ் சேவையைத் தொடங்கி, ஃப்ரீடம் ஹவுஸை மூடிவிட்டது. உலகத்துக்கே வழிகாட்டிய அந்த ஊழியர்களில் பலர் புதிய சேவையில் ஓரங்கட்டப்பட்டார்கள். படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிற பகுதி இது.

அந்த நான்சி கரோலின் கடைசியில் எங்கே போனார் தெரியுமா? இஸ்ரேல் போய் அந்நாட்டு ஆம்புலன்ஸ் சேவையான மாகென் டேவிட் அடோமின் மருத்துவ இயக்குநரானார். ஆப்பிரிக்காவில் வேலை பார்த்தார். பிறகு 1990-களில், மேல் கலிலேயா மலைப்பகுதியில், இனி குணமாகாது என்று தெரிந்தவர்களை அவரவர் வீட்டிலேயே வலியில்லாமல் கவனித்துக்கொள்ளும் ஒரு சேவையைத் தொடங்கினார். தெருவில் கிடந்தவரைத் தூக்குவதில் ஆரம்பித்தவர், நோயாளியின் கட்டிலருகே போய்ச் சேர்ந்தார். ஆம்புலன்ஸ் சேவை பின்னாளில் நடந்து வந்த வழியை இந்த ஒரு பெண் தன் வாழ்க்கையிலேயே நடந்து காட்டிவிட்டார்!

நோயாளியின் கட்டிலருகே என்று சொன்னேன் இல்லையா, விஷயம் மொத்தமும் அங்கேதான் இருக்கிறது. அவசர நேரத்தில் ஒரு நோயாளியைப் பார்க்கிற டாக்டர்கள், நர்ஸ்கள், ஸ்கேன் எடுப்பவர்கள் யாருமே அவருடைய வீட்டைப் பார்ப்பதில்லை. ஆம்புலன்ஸில் வருகிறவர் ஒருவர்தான் வாசல் தாண்டி உள்ளே போகிறார்!

மயங்கி விழுந்த ஒரு பாட்டியின் வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நுழைகிறவர் கண்ணில் என்னென்ன படும்? கழிப்பறைக்குப் போக ஒரு முழ உயரத்துப் படி, பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. அடுப்பங்கரையில் நேற்றுச் சமைத்த அடையாளம் இல்லை. அலமாரியில் ஒரு மஞ்சள் பை, அது நிறைய மாத்திரை. பாதி அட்டைகள் கத்தரியால் வெட்டப்பட்டவை. மருந்துக்கடையில் பத்து மாத்திரை கேட்டால் அட்டையை வெட்டித் தருவார்கள், பெயர் அச்சிட்ட பக்கம் கடையிலேயே நின்றுவிடும். கவர்மெண்ட் ஆஸ்பத்திரியில் தந்த பிரஷர் மாத்திரை ஒன்று. மகன் கூட்டிப்போன தனியார் டாக்டர் எழுதிய, வேறு கம்பெனி, வேறு நிறம், ஆனால் அதே மருந்து இன்னொன்று. பாட்டி இரண்டையும் ஒழுங்காக விழுங்கியிருக்கிறார். பிரஷர் தடாலென்று இறங்காமல் என்ன செய்யும்?

ஆஸ்பத்திரியில் பாட்டிக்கு சலைன் ஏற்றுவார்கள். மறுநாள் தெளிவாகிவிடுவார். டிஸ்சார்ஜ். வீடு, அதே படி, அதே மஞ்சள் பை. பத்து நாளில் மறுபடியும் ஆம்புலன்ஸ்! மயக்கத்தின் காரணத்தைக் கண்ணால் பார்த்தவர் ஒருவர் இருந்தும், அதை யாரிடம் சொல்வது என்று அவருக்கு வழியில்லாமல் போனால் இதுதான் நடக்கும். அந்த வழியைத் திறந்துவிடுவதுதான் இன்று உலகம் முழுக்க நடக்கும் புதுமை.

ஒரே ஊரில் 21 பேர், ஒரே ஆண்டில் 800 தடவைக்கு மேல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள், தெரியுமா? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலம், ஃபோர்ட் வொர்த் நகரம். அங்கே சேவை நடத்திய ‘மெட்ஸ்டார்’ அமைப்பு 2009 வாக்கில் தன் பதிவேடுகளைப் புரட்டியபோது தெரியவந்த கணக்கு இது. பொய்யாகக் கூப்பிட்டார்கள் என்று தண்டிக்கலாமா? அவர்கள் அப்படி நினைக்கவில்லை. பாராமெடிக்குகளையே, அவசரம் எதுவும் இல்லாத சாதாரண நாளில், அந்த வீடுகளுக்கு அனுப்பினார்கள். இன்சுலின் எப்படிப் போடுகிறீர்கள், மாத்திரை தீர்ந்தால் யாரிடம் வாங்குகிறீர்கள், டாக்டரைப் பார்க்கப் போக வண்டி இருக்கிறதா என்று உட்கார்ந்து பேசினார்கள். பேசப் பேச அவசர அழைப்புகள் குறைந்தன. பலருக்கும் தேவைப்பட்டது வண்டி இல்லை, கேட்க ஓர் ஆள்!

ஆனால் இதற்கு யார் பணம் கொடுப்பது? இங்கேதான் ஒரு விசித்திரம். அமெரிக்க அரசின் முதியோர் மருத்துவக் காப்பீடான மெடிகேர், ஆம்புலன்ஸை ஆரம்பத்திலிருந்தே போக்குவரத்துச் செலவாகத்தான் கணக்கு வைத்திருக்கிறது. நோயாளியை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் இறக்கினால் காசு. வீட்டிலேயே குணப்படுத்திவிட்டு வந்தால் ஒரு பைசா கிடையாது! சர்க்கரை இறங்கி மயங்கியவருக்கு குளுக்கோஸ் ஏற்றி, எழுந்து உட்காரவைத்து, சாப்பிடவைத்துவிட்டுத் திரும்பும் பாராமெடிக், கணக்குப் புத்தகத்தின்படி அன்று வேலையே செய்யவில்லை.

இதை மாற்றிப்பார்க்க ‘ஈ.டி.3’ என்ற ஐந்தாண்டு சோதனைத் திட்டத்தை 2019-ல் அறிவித்தார்கள். வீட்டிலேயே டாக்டரை வீடியோவில் காட்டி சிகிச்சை தரலாம், பெரிய ஆஸ்பத்திரிக்குப் பதில் பக்கத்துக் கிளினிக்கில் விடலாம், இரண்டுக்கும் காசு உண்டு. 2021 ஜனவரியில் தொடங்கியது. எதிர்பார்த்த அளவுக்கு ஆம்புலன்ஸ் சேவைகள் அதில் சேரவும் இல்லை, சேர்ந்தவை எதிர்பார்த்த அளவுக்கு வீட்டுச் சிகிச்சை தரவும் இல்லை. 2023 டிசம்பர் 31-ல், இரண்டு ஆண்டுகள் மிச்சமிருக்க, மூடிவிட்டார்கள். நல்ல யோசனைக்கு நல்ல கணக்கெழுத்தும் வேண்டியிருக்கிறது! மாநிலங்களில் சில விழித்துக்கொண்டன. மினசோட்டா 2011-லேயே, சமூக பாராமெடிக் என்ற பணியைச் சட்டமாக்கி, பிறகு ஏழைகளுக்கான காப்பீட்டில் அதற்குக் கட்டணமும் வைத்துவிட்டது.

இப்போது ஒரு தீவுக் கதை. எனக்கு மிகப் பிடித்தது, கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா மாகாணம். அதன் ஓரத்தில், ஃபண்டி வளைகுடாவுக்குள் ஒல்லியாக நீட்டிக்கொண்டிருக்கும் நிலத்தின் நுனியில் லாங், பிரையர் என்று இரண்டு தீவுகள். கடைசித் தீவிலிருந்து டிக்பி நகர ஆஸ்பத்திரிக்குப் போக இரண்டு படகுத்துறை தாண்ட வேண்டும். சுமார் 1,200 பேர் வாழும் இடம், அதில் வயதானவர்கள் ஏராளம். தீவில் நிரந்தரமாக டாக்டர் கிடையாது. யார்தான் வந்து தங்குவார்கள்?

ஆனால் அங்கே 24 மணி நேரமும் ஆம்புலன்ஸும் பாராமெடிக்குகளும் இருந்தார்கள். மக்கள்தொகை அவ்வளவு குறைவு என்பதால் அவசர அழைப்பு எப்போதாவதுதான் வரும். மிச்ச நேரமெல்லாம் அவர்கள் காத்திருந்தார்கள். ஒருபக்கம் டாக்டர் இல்லாத ஊர். இன்னொரு பக்கம் வேலை இல்லாத மருத்துவப் பணியாளர்கள். இரண்டையும் யாரோ சேர்த்துப் பார்த்தார்கள் பாருங்கள், அந்தக் கணம்தான் அதிசயம்!

2000-களின் தொடக்கத்தில் வேலை ஆரம்பித்தது. முதலில் ஃப்ளூ தடுப்பூசி, பிரஷர், சுகர் பரிசோதனை. பிறகு புண்ணுக்குக் கட்டு மாற்றுவது, தையல் பிரிப்பது, ரத்தம் எடுத்து அனுப்புவது. முதியவர்கள் வீட்டில் தடுக்கி விழக்கூடிய இடங்கள் எவை என்று சுற்றிப் பார்த்துச் சொல்வது. அடுத்து, மருந்து எழுதும் அதிகாரம் பெற்ற ஒரு நர்ஸ் தீவுக்கு வந்தார். தொலைவில் இருக்கும் டாக்டர் ஒருவர் போனில் வழிகாட்டினார். பாராமெடிக், நர்ஸ், டாக்டர் மூவரும் ஒரே நோயாளிக் குறிப்பை வைத்துக்கொண்டு வேலை பார்த்தார்கள். மூன்றாண்டு ஆய்வில் என்ன வந்தது தெரியுமா? தலைக்கு ஆண்டுக்கு 2,380 கனடிய டாலராக இருந்த செலவு 1,375 டாலராக இறங்கிவிட்டது! ஆயிரம் டாலர் மிச்சம். படகேறி அலைந்த அலைச்சல் மிச்சமானதை எந்தக் கணக்கில் எழுதுவது?

அதே கனடாவில் இன்னொரு சோதனை. ஒன்டாரியோ மாகாணத்தில், வருமானம் குறைந்த முதியோருக்கான அரசுக் குடியிருப்புகளின் கீழ்த்தளத்தில் வாரம் ஒருநாள் பாராமெடிக் ஒருவர் வந்து உட்கார்வார். ஹாமில்டன் நகரத்து மக்மாஸ்டர் பல்கலைக்கழகம் வகுத்த திட்டம் இது. பிரஷர் பார்ப்பார், சுகர் வரும் வாய்ப்பைக் கணக்கிடுவார், குடும்ப டாக்டருக்கு முடிவை அனுப்புவார். பாராமெடிக் வந்த கட்டடங்களில் 100 வீடுகளுக்கு மாதம் 3.11 அவசர அழைப்புகள், வராத கட்டடங்களில் 3.99. கீழே ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பிரஷர் கருவி, அவ்வளவுதான் செலவு!

இங்கிலாந்துக்கு வருவோம். ஷெஃபீல்டு நகரத்தில் 60 வயது தாண்டிய 3,018 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. கூடுதல் பயிற்சி பெற்ற ஏழே ஏழு பாராமெடிக்குகள்! அவர்கள் போன வாரங்களில், கூப்பிட்டவர்களில் 62.6 சதவீதம் பேர்தான் அவசர சிகிச்சைப் பிரிவு வரை போக வேண்டியிருந்தது. வழக்கமான வாரங்களில் 87.5 சதவீதம். வீட்டிலேயே விட்டுவந்தால் ஆபத்தாகிவிடாதா என்ற பயம் எவருக்கும் வரும், எனக்கும் வந்தது. அடுத்த 28 நாட்களைப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியில் சேர வேண்டிவந்தவர்களும் குறைவுதான். 2007-ல் இது பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. 2018 ஏப்ரலிலிருந்து அந்த நாட்டில் உயர்பயிற்சி பெற்ற பாராமெடிக்குகள், டாக்டரின் கையெழுத்தில்லாமல் தாங்களே மருந்து எழுதலாம் என்று சட்டமே வந்துவிட்டது, தெரியுமா?

ஸ்ட்ரெச்சர் இல்லாத ஆம்புலன்ஸ் என்று ஆரம்பத்தில் சொன்னது ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில். 2015-ல் வந்தது. வெளியே பார்த்தால் ஆம்புலன்ஸ், உள்ளே உட்கார்ந்து பேச வசதியான இருக்கைகள். மனநல நர்ஸ்கள் இரண்டு பேர், ஆம்புலன்ஸ் ஊழியர் ஒருவர். தற்கொலை எண்ணத்தோடு ஒருவர் போன் செய்தால் போலீஸ் ஜீப்புக்குப் பதில் இந்த வண்டி போகும்! முதல் ஆண்டிலேயே ஆயிரம் பேருக்கு மேல் பார்த்தார்கள். வந்தவர்கள் அவசரப்படாமல் பேசுகிறார்கள், தேவையிருந்தால் மனநல மருத்துவமனையில் கொண்டுபோய்ச் சேர்க்கிறார்கள், இல்லையென்றால் அங்கேயே பேசி முடித்து, மறுநாள் யாரைப் பார்ப்பது என்று ஏற்பாடு செய்துவிட்டு வருகிறார்கள். உயிர்போகும் மனக்கலக்கத்தில் இருப்பவர் முன்னால் காக்கிச் சட்டை வந்து நிற்பதற்கும் இதற்கும் எவ்வளவு தூரம்!

ஜெர்மனியின் ஹோம்பர்க் நகரத்தில் ஆஸ்பத்திரியையே வண்டியில் ஏற்றிவிட்டார்கள். பக்கவாதம் வந்தவருக்கு நிமிஷம்தான் மூளை. ஸ்கேன் எடுக்காமல் மருந்து கொடுக்க முடியாது. அதனால் சி.டி. ஸ்கேன் கருவியையே ஆம்புலன்ஸுக்குள் வைத்து, 2008 முதல் வீட்டு வாசலுக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். அழைப்பு வந்ததிலிருந்து சிகிச்சையை முடிவு செய்ய 76 நிமிடம் பிடித்த இடத்தில் 35 நிமிடம்! எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்பதும் வாசலிலேயே முடிவாகிவிடும்.

நெதர்லாந்துக் கதையைச் சொல்லாவிட்டால் என் மனசு ஆறாது. 2006 நவம்பர். கீஸ் வெல்ட்போர் என்ற ஆம்புலன்ஸ் ஓட்டுநர், இனி பிழைக்கமாட்டார் என்று சொல்லப்பட்ட ஒரு பழைய மாலுமியை ஆஸ்பத்திரி மாற்றிக்கொண்டிருந்தார். போய்ச் சேரும் இடத்தில் கொஞ்சம் தாமதம். காத்திருக்கும் நேரத்தில் எங்காவது போகலாமா என்று கேட்டாராம். துறைமுகத்துத் தண்ணீரைக் கடைசியாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்றார் மாலுமி. கூட்டிப்போனார். பார்த்தவர் கண்ணில் நீர் வழிந்தது. அடுத்த ஆண்டே வெல்ட்போர் ஓர் அறக்கட்டளை தொடங்கிவிட்டார். படுத்தபடியே வெளியே பார்க்கப் பெரிய ஜன்னல் வைத்த ஆம்புலன்ஸ்கள், கூடவே பயிற்சி பெற்ற நர்ஸ். கடற்கரைக்கு, பேத்தி கல்யாணத்துக்கு, அருங்காட்சியகத்தில் ரெம்பிராண்ட் ஓவியத்துக்கு முன்னால் என்று ஆயிரக்கணக்கானவர்களின் ஆசையை நிறைவேற்றியிருக்கிறார்கள். வெல்ட்போர் 2021-ல் காலமானார். வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

நோவா ஸ்கோஷியாவிலும் பக்கத்துப் பிரின்ஸ் எட்வர்ட் தீவு மாகாணத்திலும் 2015-லிருந்து, வீட்டில் கடைசி நாட்களைக் கழிப்பவர் வலி தாங்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், பாராமெடிக் வந்து வலிக்கு மருந்து போட்டு அவரை வீட்டிலேயே இருக்கவைக்கலாம். இதற்கெனத் தனிப் பயிற்சி உண்டு. சைரன் அடித்து ஐ.சி.யு.வுக்குத் தூக்கிப்போவது ஒன்றே வழி என்ற நிலை அங்கே இல்லை.

சரி, நம் ஊர்? 108-ஐ எல்லோருக்கும் தெரியும். 2008 செப்டம்பர் 15-ல் தமிழ்நாட்டில் தொடங்கியது. இன்று 1,300-க்கும் மேற்பட்ட வண்டிகள். ஓட்டுநரை அங்கே ‘பைலட்’ என்றுதான் கூப்பிடுவார்கள், தெரியுமா? பின்னால் இருக்கும் இ.எம்.டி. என்ற அவசர மருத்துவப் பணியாளர், ஓடும் வண்டியிலேயே கட்டுப்பாட்டு அறை டாக்டரிடம் போனில் கேட்டுக் கேட்டுச் சிகிச்சை தருகிறார். வண்டியிலேயே பிரசவம் பார்த்த செய்தி வராத மாதம் உண்டா? நெரிசல் தெருவுக்கு பைக் ஆம்புலன்ஸ், பச்சிளங்குழந்தைக்கு இன்குபேட்டர் வைத்த வண்டி. பிரசவம் முடிந்த தாயையும் சேயையும் வீடு வரை கொண்டுபோய் விடும் 102 தாய் சேய் ஊர்தியும் உண்டு. நோயாளியை வீட்டுக்குத் திரும்பக் கொண்டுவிடுவதும் சிகிச்சையின் ஒரு பகுதிதான் என்று எப்போதோ புரிந்துகொண்ட மாநிலம் இது!

ஆனால் வெளியே அதிகம் பேசப்படாத ஒரு சாதனை இருக்கிறது. மாரடைப்பு. சின்ன ஊர் ஆஸ்பத்திரியில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட முடியும், ஆஞ்சியோ செய்ய முடியாது. பெரிய ஆஸ்பத்திரி வெகு தூரம். டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், டாக்டர் அஜித் முல்லசாரி ஆகியோர் சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரியோடு ஆம்புலன்ஸால் கோத்தார்கள். ஈ.சி.ஜி. முன்கூட்டியே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடும். கீழே ஊசி, பிறகு ஆம்புலன்ஸ், மேலே ஆஞ்சியோ. ஏழைகளுக்கு முதலமைச்சர் காப்பீட்டில் செலவு. 2,420 நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தார்கள். 2017-ல் ஜாமா கார்டியாலஜி இதழில் வெளியாகி, இதய மருத்துவர்கள் மத்தியில் உலக அளவில் பேசப்பட்டது. புது மருந்து இல்லை, புதுக் கருவி இல்லை. இருந்தவற்றை ஒன்றோடொன்று பேசவைத்தார்கள். நூறு பேரில் கூடுதலாக மூன்று பேர் உயிரோடு இருந்தார்கள்!

விபத்திலும் இதே வழிதான். அடிபட்டவரோடு வண்டி கிளம்பும்போதே அரசு ஆஸ்பத்திரியின் ‘தாய்’ என்று அழைக்கப்படும் விபத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தகவல் முன்னால் ஓடுகிறது. சிவப்பு, மஞ்சள், பச்சை என்று வாசலிலேயே பிரித்து உள்ளே அனுப்புகிறார்கள். 2021 டிசம்பர் 18-ல் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், எந்த மாநிலத்தவர் அடிபட்டாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் ஆஸ்பத்திரியிலும் இலவசம். அட்வான்ஸ் கட்டினால்தான் உள்ளே என்ற பேச்சுக்கே இடமில்லை.

ஒருங்கிணைப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்று நாம் எல்லோரும் 2021 மே மாதம் கொரோனா அலையில் கண்ணால் பார்த்தோம். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசலில் நோயாளிகளோடு வரிசைகட்டி நின்ற ஆம்புலன்ஸ்கள். வண்டி இருந்தது, உள்ளே ஆக்சிஜன் இருந்தது, படுக்கை எங்கே காலி என்று தெரியவில்லை! அந்த நாட்களில்தான் 104 உதவி எண்ணோடு சேர்ந்து ஓர் ஒருங்கிணைந்த கட்டளை மையம் இயங்கி, எந்த ஊரில் எந்தப் படுக்கை காலி என்று பார்த்து நோயாளிகளை அனுப்பியது. 104 என்பது 2013 டிசம்பர் 30 முதல் இருக்கும் எண், தெரியுமா? காய்ச்சலுக்கு என்ன செய்வது, இந்த மாத்திரையை அதோடு சேர்த்துச் சாப்பிடலாமா, எந்த ஆஸ்பத்திரிக்குப் போவது என்று எந்த நேரமும் கேட்கலாம். பரீட்சை முடிவு வரும் நாட்களில் மாணவர்களுக்கு மனநல ஆலோசனையும் அங்கேதான். இவ்வளவு பெரிய வசதியை நாம் இத்தனை குறைவாகப் பயன்படுத்துகிறோமே என்பது என் ஆதங்கம். நெஞ்சு வலி, மூச்சுத்திணறல், வாய் கோணுதல் போன்ற அவசரம் என்றால் யோசிக்காமல் 108. அவசரம் இல்லாத மற்ற எதற்கும் 104.

இதோடு, 2021 ஆகஸ்ட் 5-ல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’. பெண் தன்னார்வலர்கள் வீடுவீடாகப் போய் பிரஷர், சுகர் பார்த்து மாத்திரை கொடுக்கிறார்கள். பிசியோதெரபி கட்டிலருகே வருகிறது. டயாலிசிஸ் பை வீட்டுக்கு வருகிறது. 2024-ல் ஐ.நா. விருது வாங்கிய திட்டம். கனடாவும் இங்கிலாந்தும் பாராமெடிக்குகளை வைத்துச் செய்கிற வேலையில் பெரும்பகுதியை நம் ஊர் அக்காமார்கள் நடந்தே போய்ச் செய்துகொண்டிருக்கிறார்கள்!

அப்படியானால் நமக்கு இனி வேண்டியது புது வண்டியோ புதுத் திட்டமோ இல்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு வீட்டுக்குள் போகும் 108 இ.எம்.டி., அங்கே பார்த்த படியையும் மாத்திரைப் பையையும் நாலு வரியில் எழுதட்டும். அந்த நாலு வரி, நோயாளியோடு ஆஸ்பத்திரிக்கும் போகட்டும், விடிந்ததும் அந்தத் தெருவுக்குப் பொறுப்பான மக்களைத் தேடி மருத்துவத் தன்னார்வலரின் போனுக்கும் போகட்டும். டிஸ்சார்ஜ் ஆகும் நாளை 104 அவருக்குச் சொல்லட்டும். அவர் போய் ஒரே மருந்து இரண்டு பெயரில் இருக்கிறதா என்று பார்த்து, ஒன்றை நிறுத்தலாமா என்று ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கேட்டுச் சொல்லட்டும். எழுதுகிறவர், பேசுகிறவர், நடக்கிறவர், மருந்து கொடுக்கிறவர் எல்லோரும் ஏற்கெனவே அரசுச் சம்பளத்திலோ ஊக்கத்தொகையிலோ வேலையில் இருப்பவர்கள். எந்த மாவட்டம் முதலில் இதைச் செய்யப்போகிறது?